வெயிலால் வந்த தலைவலி அல்ல இது

காசநோய் வார்டில் பணி என்றால் என்95 முகக்கவசம் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது, நுழையவும் கூடாது. ஆனால் அதன் இரண்டு பட்டைகளும் உச்சந்தலையையும் பிடரியையும் இறுக்கும் இறுக்கு இருக்கிறதே! மதிய மருந்து கொடுத்து முடிப்பதற்குள் நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கின்றன. மூக்குத்தண்டில் கம்பி பதிந்த இடம் கன்றிச் சிவந்து கிடக்கிறது. தண்ணீர் குடிக்கக் கவசத்தைக் கழற்ற வேண்டும், கழற்ற வார்டை விட்டு வெளியே வர வேண்டும், வெளியே வர மாற்று ஆள் வேண்டும். மாற்று ஆள் எங்கே?

தலைவலி என்று சொன்னால், "வெயில் அதிகம், சிஸ்டர்" என்று பாராசிட்டமால் நீட்டுகிறார்கள். வெயிலாம்! 2020இல் சிங்கப்பூரில் கொரோனா முன்களப் பணியாளர்கள் 158 பேரிடம் கேட்டபோது, 128 பேருக்கு முகக்கவசம், கண்ணாடி போன்ற பாதுகாப்பு உபகரணங்களால் புதிதாகத் தலைவலி வந்திருந்தது. 2003இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று பரவிய காலத்திலேயே அங்கே பதிவான வலிதான் இது. எனக்கு மாத்திரை வேண்டாம். முக அளவுக்குப் பொருந்தும் கவசமும், நடுவில் அதைக் கழற்றிவைக்கக் கால் மணி நேரமும் கொடுங்கள். அதைக் கேட்டால் மட்டும் பணிப் பட்டியலைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.