கத்த விட்டால் பழகாது, பயம்தான் கூடும்

வீட்டில் தனியாக விட்டால் கத்தும் நாயைப் பற்றி, "தனியா விட்டுட்டுப் போங்க, நாலு நாள் கத்தும், அப்புறம் தானா அடங்கிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அது அடம் இல்லை, பீதி. நான் செருப்பை மாட்டும்போதே என் நாய்க்கு மூச்சிரைக்கும். திரும்பி வந்தால் கதவடியில் எச்சில் குளம், நகம் பிய்ந்து ரத்தம். பயந்த உயிரைத் திரும்பத் திரும்ப அதே பயத்தில் தள்ளினால் பயம் வேர்பிடிக்கும். கூண்டில் அடைப்பதும் ஆபத்து, கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும் நாய்கள் உண்டு.

அதற்குப் பதிலாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். சாவியை எடுங்கள், போகாமல் உட்காருங்கள். சாவிச் சத்தத்துக்கு நாய் தலை தூக்காத அளவுக்குப் பல நாள் செய்யுங்கள். பிறகு கதவுக்கு வெளியே 5 நொடி. உள்ளே நாய் என்ன செய்கிறது என்று போன் வீடியோவில் பாருங்கள். பதற்றம் தொடங்கும் முன்பே உள்ளே வந்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். இப்படி நேரத்தை மெல்லக் கூட்டி 20 நிமிடத்தைத் தொட எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. அதுவரை வீட்டில் யாராவது ஒருவர் கூடவே இருந்தோம்.

ரொம்பவும் முற்றியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். ஃப்ளூவாக்ஸெட்டின், க்ளோமிப்ரமின் போன்ற பதற்றம் குறைக்கும் மருந்துகள் இதற்கென்றே நாய்களுக்குத் தரப்படுகின்றன. பலன் தெரியச் சில வாரமாகும், பயிற்சியும் கூடவே நடக்கவேண்டும்.