மாலைதான் பிடித்திருந்தாள், துவக்கு இல்லை

நேற்றிலிருந்து அந்தப் படத்தைத்தான் மாறி மாறிப் பகிர்கிறீர்கள். பெல்ஜியத்தில், ஈப்பர் நகரத்து மெனின் வாயிலடியில் (முதலாம் உலகப் போரில் செத்தவர்களுக்கான நினைவு வாயில் அது), பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான சீருடைப் பயிற்சி அமைப்பான கனடியக் கடெட்டின் சீருடையில், நினைவஞ்சலிப் பொப்பி மாலையோடு நிற்கிற எங்கள் பிள்ளை. "வெள்ளைக்காரனின் போருக்கு எங்கட பிள்ளை சல்யூட்" என்று ஒருவர். "குழந்தைப் போராளி" என்று இன்னொரு அண்ணை. கீழே சிரிப்புப் பொம்மைகள். படத்தை வடிவாகப் பாருங்கள். கையில் இருப்பது மாலை. துவக்கு இல்லை.

என் மகளும் கடெட்தான். இலங்கையில், பிள்ளையைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று இரவிரவாக விழித்திருந்த வீட்டில் வளர்ந்தவள் நான். சீருடையைக் கண்டாலே வயிற்றைக் கலக்கும். மகள் அங்கே பழகியது சப்பாத்து மினுக்கவும், நேரத்துக்குப் போகவும், நவம்பர் 11 நினைவு நாள் குளிரில் அசையாமல் நிற்கவும். ஏர் ரைஃபிள் சுடப் பழக்குகிறார்களே என்பீர்கள். பழக்குகிறார்கள்தான், விளையாட்டாக. கடெட் இராணுவ ஆள் இல்லை, 19 வயதானால் வெளியே வந்துவிட வேண்டும். குழந்தைப் போராளி என்றால் யார் என்று எனக்கு வகுப்பு எடுக்க வேண்டாம்.

உண்மையிலேயே ஒருவனைப் பார்க்க வேண்டுமா? ஈப்பருக்குப் பக்கத்தில் எசெக்ஸ் ஃபார்ம் கல்லறைத் தோட்டத்தில் ஸ்ட்ரட்விக் என்ற பிரித்தானியப் படைப் பையன் கிடக்கிறான். 1916 சனவரியில் செத்தபோது வயது 15. வெளிநாட்டுக்குச் சண்டைக்கு அனுப்ப 19 ஆக வேண்டும் என்பது அந்த இராணுவத்தின் சொந்தச் சட்டம். அதே வயதுப் பிள்ளைகள் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றால் போர் ஆசையா வரும்?

ஊர் சுற்றத்தான் போகிறார்கள் என்கிறவர்களுக்கு: பிள்ளைகள் கடை வாசலில் நின்று சொக்லேட் விற்றுச் சேர்த்த காசு. சரி, அடுத்தது.

"எங்கட ஆட்களை மறந்துவிட்டு." இதுதான் சுட்டது. மெனின் வாயிலில் இருப்பது உடல் கிடைக்காத 54,000-க்கு மேற்பட்டோரின் பெயர்கள், இந்தியப் படையினரும் அதில் உண்டு. 1929 முதல் ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்குத் தெருவை மறித்து, அவர்கள் நினைவாக பியூகிள் என்ற ஊதுகொம்பை ஊதுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரன் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் மட்டும்தான் அங்கே அது நின்றது. அதைப் பார்த்துவிட்டு வந்த மகள், "மாமாவின் பெயர் எங்கே அம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். ஊரில் சண்டைக்குக் கூட்டிக்கொண்டு போகப்பட்ட என் அண்ணா திரும்பவில்லை. பெயர் எங்கும் இல்லை. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் மாவீரர் கல்லறைகளை இடித்து மேலே இராணுவ முகாம் கட்டினார்களே, அந்த நாட்டில் எங்கே போய்க் காட்டுவேன்? மறந்தது இந்தப் பிள்ளைகளாம்! அங்கே போனதால்தானே கேட்கவே தொடங்கினாள்.

இன்னொன்று. பிள்ளையின் முகத்தை மறைக்காமல், படிக்கிற பள்ளியின் பெயரோடு போட்டிருக்கிறீர்கள். இனப்பற்றெல்லாம் பிறகு பேசலாம், முதலில் அதை எடுங்கள்.