சாம்பல் வானமும் ஷாஃப்ட் கோபுரமும்

போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) வேலைக்காக ஜெர்மனியின் எஸ்ஸென் நகரத்துக்கு வந்த புதிதில், விடுமுறை என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று ஓடுவேன். குடியிருக்கிற ஊரை ஒரு படம்கூட எடுத்ததில்லை. பழைய நிலக்கரி ஊர், முக்கால்வாசி நாள் வெயிலே வராது, இங்கே எடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆய்வுக்கு வரும் நம்மவர்கள் பலரும் இப்படித்தான் இருக்கிறார்கள். ஒப்பந்தம் இரண்டு வருடம்தானே, ஊரோடு நமக்கென்ன ஒட்டு என்று.

என்னை மாற்றியது பெர்ன்ட், ஹில்லா பெஹர் என்ற ஜெர்மன் புகைப்படக் கலைஞர் தம்பதியின் படங்கள். 1959இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிகளையும் உலைகளையும் சுரங்கக் கோபுரங்களையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர்கள். நான் சலித்துக்கொண்ட அதே சாம்பல் வானத்துக்காகக் காத்திருந்து எடுத்தார்கள். மேகம் மூடிய நாளில் நிழல் விழாது, இரும்பின் ஒவ்வொரு மூட்டும் தெளிவாகத் தெரியும். அவர்கள் எடுத்தவற்றில் பல இன்று இல்லை, இடித்துவிட்டார்கள். படம் மட்டும் இருக்கிறது.

அப்புறம் நானும் 107ஆம் எண் டிராமில் ஏறி ட்ஸோல்ஃபெரைன் என்ற பழைய நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போக ஆரம்பித்தேன். அதன் பன்னிரண்டாம் ஷாஃப்ட், அதாவது சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் குழி, 1932இல் இயங்கத் தொடங்கியது. அதன் மேல் நிற்கும் கோபுரத்தின் உயரம் 55 மீட்டர். ஒரே இடத்தில் ட்ரைபாடை வைத்து, மாதம் ஒருமுறை, ஒரு வருடம் எடுத்தேன். அந்தத் தெருவின் செங்கல் வீடுகளையும் சேர்த்து. மூன்றாவது மாதமோ என்னவோ, ஒரு பெரியவர் வந்து எதற்கு எடுக்கிறாய் என்று கேட்டார். அவர் அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். என் தாத்தாவும் சுரங்கத் தொழிலாளிதான் என்றேன். எந்த ஊர், எவ்வளவு ஆழம் என்று ஆவலாகக் கேட்டார். கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப் சுரங்கம், 3 கிலோமீட்டருக்கும் கீழே என்றதும் அசந்துபோனார். படம் இருக்கிறதா என்றார். என்னிடம் இல்லை.

அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. ட்ஸோல்ஃபெரைனில் 1986இல் நிலக்கரி எடுப்பதை நிறுத்தியபோது, மாநில அரசு அந்த இடத்தை வாங்கி இடிக்காமல் காத்தது. 2001இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதே 2001இல்தான் தங்கவயல் சுரங்கங்களை மூடினார்கள். வட ஆற்காட்டிலிருந்து பிழைக்கப் போன எங்களைப் போன்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லைன் வீடுகள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), ஷாஃப்ட்டுகள், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவாக ஊருக்கு நடுவே நிற்கும் சயனைடு மண் மேடுகள். லீவுக்குப் போகும்போதெல்லாம் அவற்றைப் பார்த்திருக்கிறேன். என் கேமரா ஒருநாளும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. ஜெர்மன் இரும்பு அழகாகத் தெரிந்த கண்ணுக்கு நம் இரும்பு வெறும் துருவாகத் தெரிந்தது எவ்வளவு பெரிய தவறு!

வெளிநாட்டில் ஆய்வு செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சுற்றுலாப் படங்களைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தினமும் டிராம் ஏறும் தெருவை மழையிலும் பனியிலும் எடுங்கள். அந்தப் பழக்கத்தோடு ஊருக்குப் போங்கள்.

டிசம்பரில் இரண்டு வாரம் தங்கவயலில் இருப்பேன், ட்ரைபாடோடு. அங்கே வாழ்ந்த குடும்பங்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். கல்யாணப் படமோ பள்ளிக்கூடப் படமோ, பின்னணியில் ஷாஃப்ட் தெரிகிற படம் வீட்டு ஆல்பத்தில் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். அதே இடத்தில் நின்று இன்றைக்கு இருப்பதை எடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன்.