750 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டால் பெஸ்காம் மின்சார பில் எகிறுமா?

பெங்களூருத் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "கேமிங் கம்ப்யூட்டருக்கு 750 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்காதீர்கள். ஆன் செய்தாலே மணிக்கு முக்கால் யூனிட் ஓடும். எஸ்பி ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் மலிவான 450 வாட் போதும்."

இது தவறு. எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டரின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி. 750 வாட் என்பது அது தரக்கூடிய உச்ச அளவு. பாகங்கள் கேட்பதைத்தான் அது கொடுக்கும். விளையாடும்போது உள்ளே 300 வாட் தேவை, எஸ்எம்பிஎஸ்ஸின் செயல்திறன் (இழுக்கும் மின்சாரத்தில் பாகங்களுக்குப் போய்ச் சேரும் பங்கு) 85 சதவீதம் என்றால், சுவரிலிருந்து இழுப்பது சுமார் 353 வாட். அதாவது மணிக்கு 0.35 யூனிட். சும்மா பிரவுசர் திறந்து வைத்திருந்தால் இன்னும் குறைவு.

பில்லைக் கூட்டுவது வாட் எண் அல்ல, செயல்திறன் குறைவு. '80 பிளஸ்' முத்திரை செயல்திறனுக்கான சான்று. சான்று பெற்ற மாடல்களின் பட்டியல் 80 பிளஸ் இணையதளத்திலேயே உண்டு. பெட்டியில் ஒட்டியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

அந்தச் செய்தியின் கடைசி வரிதான் எனக்குக் கவலை. மலிவான பெட்டியைத் திருப்பி, லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால் அந்த வரிசையில் (12 × 18) 216 வாட்தான் கிடைக்கும், மேலே 450 என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் சரி. கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு இழுப்பது 115 வாட். ஆனாலும் முழுக் கம்ப்யூட்டருக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை என்விடியா தன் தளத்தில் பரிந்துரைக்கிறது.

சந்தேகம் தீரவில்லையா? பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் வைத்து நீங்களே அளந்து பாருங்கள். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வேர்ட் செய்யாதீர்கள்.