25 வயதோடு கதவு மூடிவிடுமா? உளவியலாளர் டொனால்ட் சூப்பர் அப்படிச் சொல்லவில்லை

"25 வயதுக்குள் துறையை முடிவு செய்யாவிட்டால் அப்புறம் மாறவே முடியாது, உளவியலாளர் டொனால்ட் சூப்பர் இதை நிரூபித்துவிட்டார்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

சூப்பர் 1953-இல் வெளியிட்ட கோட்பாடு, தொழில் தேர்வை ஒரே நாளில் எடுத்து முடிக்கும் முடிவாகப் பார்க்கவில்லை, வாழ்க்கை முழுக்க நீளும் வளர்ச்சியாகத்தான் பார்த்தது. அவர் பிரித்த கட்டங்களில் 15 முதல் 24 வயது வரை தேடல், 25 முதல் 44 வரை நிலைபெறுதல். இந்த எண்களை மட்டும் பிடுங்கி எடுத்துக் கெடு தேதி ஆக்கிவிட்டார்கள். அவை பொதுவாகக் காணப்படும் போக்கு, அவ்வளவுதான். வேலை மாறும்போது, வேலை போகும்போது, ஒருவர் 40 வயதிலும் தேடல் கட்டத்துக்குத் திரும்பி மறுபடி நிலைபெறலாம் என்று, சிறு சுழற்சிகள் என்ற பெயரில், அவரே எழுதியிருக்கிறார்.

தொழில் ஆலோசனை அறையிலும் இந்தக் கோட்பாட்டின் பயன் வேறு. நல்ல ஆலோசகர் வயதைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லமாட்டார். நீங்கள் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள், உங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், வேலை தவிர பெற்றோர், மாணவர் என்று வேறு என்ன பொறுப்புகள் சுமக்கிறீர்கள் என்று பார்ப்பார். 30 வயதில் குழம்பி நிற்பவருக்கு இந்தச் செய்தியை அனுப்பிப் பயமுறுத்தாதீர்கள், தயவுசெய்து.