கூண்டு கழுவ மட்டுமா மருத்துவமனைப் பயிற்சி?

"கால்நடை மருத்துவத் தொழில்நுட்பம் படிப்பவர்களைப் பயிற்சிக்கு அனுப்புவதே சம்பளமில்லாமல் கூண்டு கழுவத்தான்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது உண்மையில்லை.

கூண்டு கழுவும் வேலை உண்டு, மறைப்பானேன்? ஆனால் அங்கேயும் பாடம் இருக்கிறது. மலத்தில் ரத்தம் தெரிகிறதா, வைத்த தண்ணீர் அப்படியே கிடக்கிறதா என்பது கூண்டைத் திறப்பவர் கண்ணில்தான் முதலில் படும்.

அப்புறம், ரத்தம் எடுப்பது, எக்ஸ்ரேவுக்கு விலங்கைச் சரியாகக் கிடத்துவது எல்லாமே மேற்பார்வையில் பழகுகிறார்கள். மயக்க மருந்து கொடுத்த நாயின் பக்கத்தில் நிற்பதுதான் பெரிய வேலை. ஈறை விரலால் அழுத்தி விட்டால், வெளுத்த இடம் சுமார் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். தாமதமானால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதைப் புத்தகத்தில் படிக்கலாம், ஆனால் விரலுக்குப் பழக நிஜமான ஈறு வேண்டும்.

நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் அறுவை சிகிச்சையும் கால்நடை மருத்துவரின் பொறுப்பு. அவற்றைச் செய்ய விடவில்லை என்பதால் ஒன்றும் கற்றுத்தரவில்லை என்று ஆகிவிடாது. சரி, வாரக்கணக்கில் கூண்டு மட்டுமே கழுவ வைக்கிறார்களா? அது அந்த இடத்தின் குறை. தயங்காமல் கல்லூரிப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.