பிரான்ஸ் வேண்டிக்கொண்ட வரதட்சணை பாக்கி

பிரான்ஸ் மன்னன் பதினான்காம் லூயியைப் பற்றி எங்கே படித்தாலும் அவன் மனைவி மரியா தெரேசாவுக்கு ஒரு பத்திதான் கிடைக்கிறது. சுமாரான பெண், பிரெஞ்சு சரியாக வராது, எந்நேரமும் சாக்லேட் குடிப்பாள், சீட்டாடித் தோற்பாள், கணவனின் காதலிகளைச் சகித்துக்கொண்டாள், ஒருநாள் செத்துப்போனாள். பத்தியின் கடைசியில், அவள் இறந்தபோது மன்னன் சொன்னதாக ஒரு வாக்கியம்: "இவள் எனக்குத் தந்த முதல் வருத்தம் இதுதான்." இதை உருக்கமான இரங்கல் என்று எடுத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான் வருகிறது. இருபத்துமூன்று வருடம் கூட வாழ்ந்தவளைப் பற்றி, தொந்தரவு கொடுக்காமல் இருந்தாள் என்பதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லையா?

மரியா தெரேசா பிறந்தது 1638 செப்டம்பர் 10, ஸ்பெயினின் எல் எஸ்கோரியல் அரண்மனையில். லூயி அவளைவிட ஐந்தே நாள் மூத்தவன். அவள் தந்தையான ஸ்பெயின் மன்னர் நான்காம் ஃபெலிப்பின் அக்கா ஆன், லூயியின் தாய். அவள் தாய் எலிசபெத், லூயியின் தந்தைக்குத் தங்கை. 1615-இல் இரண்டு ராஜ்ஜியங்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்ததன் விளைவு இது. லூயி அவளுக்கு அத்தை மகன், மாமன் மகனும் அவனே. ஐரோப்பிய நூல்கள் வம்சாவளிப் படம் போட்டு விளக்க வேண்டிய இந்த உறவைத் தமிழில் இரண்டு சொல்லில் முடித்துவிடலாம்: முறை மாப்பிள்ளை.

ஆறு வயதில் தாய் போய்விட்டாள். இரண்டு வருடம் கழித்து, 1646-இல், பட்டத்துக்குரிய அண்ணன் பல்தசார் கார்லோஸும் போனான். அந்த அண்ணனுக்கு நிச்சயித்திருந்த பெண் மரியானா, ஃபெலிப்பின் சொந்தத் தங்கை மகள். மகன் இறந்ததும் ஃபெலிப்பே அவளை மணந்துகொண்டார். மரியா தெரேசாவுக்கு வந்த சிற்றன்னை அவளைவிட நான்கு வயதுகூட மூத்தவள் இல்லை.

அண்ணன் இறந்ததிலிருந்து பதினோரு வருடம் மரியா தெரேசாதான் அடுத்த வாரிசு. ஸ்பெயினில் பெண்ணும் அரியணை ஏறலாம். அதனாலேயே அவளை பிரான்ஸுக்குக் கொடுக்க முடியாது. பெண்ணைக் கொடுத்தால் நாடும் கூடவே போய்விடும். 1657-இல் தம்பி ஃபெலிப் புரோஸ்பெரோ பிறந்த பிறகுதான் கல்யாணப் பேச்சுக்கே இடம் கிடைத்தது. இரண்டு நாடுகளும் 1635 முதல் போரிட்டுக் களைத்திருந்தன. 1659 நவம்பர் 7 அன்று, எல்லையில் ஓடும் பிதசோவா ஆற்றின் நடுவே இருக்கும் ஃபெசன்ட் தீவில் பிரனீஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. பெண்ணும் உடன்படிக்கையின் ஒரு பகுதி.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. ஸ்பெயின் அரியணைமேல் தனக்கோ தன் பிள்ளைகளுக்கோ உரிமை இல்லை என்று மரியா தெரேசா எழுதிக்கொடுக்க வேண்டும். பதிலுக்கு 5 லட்சம் தங்க எக்யூ வரதட்சணை, மூன்று தவணையில். பிரெஞ்சுத் தரப்பு அந்தப் பிரிவில் ஒரு சிறிய சொல்லைச் செருகிவிட்டது. பணம் செலுத்தப்படும் பட்சத்தில், என்பதுதான் அதன் பொருள். ஸ்பெயினின் கஜானா காலி என்பது பிரெஞ்சு மந்திரி மஸாரினுக்கு நன்றாகத் தெரியும். வரதட்சணை குறைந்தது என்று மருமகளை அழவைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறோம். வரதட்சணை வந்து தொலைத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்ட சம்பந்தி வீட்டை இங்கேதான் பார்க்கிறேன். அவர்கள் வேண்டுதல் பலித்தது. பணம் வரவே இல்லை.

1660 ஜூன் 3 அன்று ஸ்பெயின் எல்லை ஊரான ஃபுவென்தெராபியாவில் மாப்பிள்ளை இல்லாமலே ஒரு கல்யாணம். லூயிக்குப் பதிலாக ஸ்பெயின் மந்திரி தோன் லூயிஸ் தே ஆரோ நின்றார். பிறகு தீவில் இரு குடும்பங்களும் சந்தித்தன. ஆனும் ஃபெலிப்பும், அக்காவும் தம்பியும், 45 வருடம் கழித்து முகம் பார்த்துக்கொண்டார்கள். ஸ்பெயின் பக்க மண்டபத்தை அலங்கரிக்கும் பொறுப்பு ஓவியர் வெலாஸ்கெஸுடையது. அவளைச் சிறு வயதிலிருந்து வரைந்தவர். அந்த வேலையை முடித்து மாட்ரிட் திரும்பி, ஆகஸ்ட் 6 அன்று இறந்துபோனார். ஜூன் 9 அன்று பிரான்ஸ் பக்கம் சான்-ஜான்-த-லூஸ் தேவாலயத்தில் உண்மையான மாப்பிள்ளையோடு கல்யாணம் நடந்தது.

அதற்குப் பிறகு அவள் ஸ்பெயினைப் பார்க்கவே இல்லை.

காதலிகள் கதையை நீட்டப் போவதில்லை, அதற்கு எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கல்யாணமான மறு வருடமே லூயிஸ் த லா வாலியேர், 1667 வாக்கில் மதாம் த மோந்தெஸ்பான். இரண்டாமவள் ராணிக்கே பணிவிடை செய்யும் தோழியர் வரிசையில் இருந்தவள். மூவரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு மன்னன் போனபோது மூன்று ராணிகள் போகிறார்கள் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்களாம். அத்தையும் மாமியாருமான ஆன் உயிரோடு இருந்தவரை, தாய்மொழியில் மனம்விட்டுப் பேச அந்த வீட்டில் ஓர் ஆள் இருந்தார். 1666 ஜனவரியில் அவரும் இறந்தார்.

அடுத்த வருடம் நடந்ததைத்தான் அந்த ஒற்றைப் பத்தி எழுதுகிறவர்கள் தாண்டிப் போகிறார்கள். ஃபெலிப் 1665-இல் இறந்து, நான்கு வயதுகூட நிரம்பாத இரண்டாம் கார்லோஸ் பட்டத்துக்கு வந்திருந்தான். அவன் இரண்டாம் தாரத்துப் பிள்ளை. ஸ்பெயின் ஆண்ட நெதர்லாந்தில் உள்ள பிரபாந்த் பகுதியின் சொத்துச் சட்டப்படி முதல் தாரத்தின் பிள்ளைக்கே முன்னுரிமை, எழுதிக்கொடுத்த விலகலும் பணம் வராததால் செல்லாது, ஆகவே ஸ்பெயின் வசமிருக்கும் நெதர்லாந்துப் பகுதிகள் என் மனைவிக்குச் சேர வேண்டியவை என்றான் லூயி. படை கிளம்பியது. பிடிபட்ட ஊர்களில், இதோ உங்கள் உரிமைக்காரி என்று காட்ட ராணியையும் அழைத்துக்கொண்டு போனார்கள். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகவில்லை. அவர் விட்டுப்போன ஊர்களைத் தன் பெயரைச் சொல்லித் தாக்குவதை வண்டியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அந்தப் பயணத்திலும் கணவனின் காதலிகள் உண்டு. லீல் நகரம் அந்தப் போரில் பிரான்ஸுக்குப் போனதுதான், இன்றும் அங்கேயே இருக்கிறது.

அவள் என்ன நினைத்தாள்? தன் கையால் அவள் எழுதி வைத்தது அதிகமில்லை. அவளைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் அரசவைக்காரர்களின் பேனா வழியாக வந்தவை. சீட்டுத் தோல்வி, உடைந்த பிரெஞ்சு, சாக்லேட்டால் கெட்ட பற்கள் எல்லாம் அப்படி வந்தவைதான். ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும் என்ற வசனத்தை நாம் மரி அந்துவானெத்தின் தலையில் கட்டியிருக்கிறோம் அல்லவா? அந்துவானெத்தின் கொழுந்தன் பதினெட்டாம் லூயி தன் நினைவுக் குறிப்பில் அதே மாதிரி ஒன்றை மரியா தெரேசா பெயரில் எழுதியிருக்கிறார். இவருடையதில் கேக் இல்லை, இறைச்சிப் பணியாரத்தின் மேலோடு. ஊர்ப்பேச்சுக்கு எப்போதும் ஒரு வெளிநாட்டு மருமகள் தேவைப்படுகிறாள்.

சரி, அப்பாவி என்று பரிதாபப்படலாமா என்றால் அதற்கும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு கதை உண்டு. கல்யாணத்துக்கு முன் உங்கள் அப்பாவின் அரசவையில் யாராவது இளைஞர் மனதுக்குப் பிடித்திருந்தாரா என்று ஒரு கன்னியாஸ்திரி கேட்டாராம். "எப்படித் தாயே? அங்கே ராஜாக்கள் யாரும் இல்லையே" என்றாளாம். நடந்ததோ புனைந்ததோ, இந்தப் பதிலில் அடிபட்ட பெண் தெரியவில்லை. உலகிலேயே பெரிய குடும்பத்தில் பிறந்தவள் என்ற எண்ணத்தைக் கடைசிவரை கீழே வைக்காத ஒருத்திதான் தெரிகிறாள். லா வாலியேர் மனம் மாறி கார்மேல் மடத்தில் சேர்ந்து, 1675-இல் இறுதி வாக்குக் கொடுத்தபோது, அவளுக்குக் கறுப்பு முக்காட்டைத் தந்தது ராணிதான். அதை மன்னிப்பு என்கிறார்கள். எனக்கென்னவோ அதில் அந்தஸ்தும் கொஞ்சம் கலந்திருந்ததாகவே படுகிறது.

ஆறு பிள்ளைகள் பெற்றாள், ஐந்து சிறு வயதிலேயே போயின. மிஞ்சியவன் மூத்தவன் மட்டுமே. அவன் பிறந்தது 1661 நவம்பர் 1. அதே நாளில் மாட்ரிட்டில் அவள் தம்பி ஃபெலிப் புரோஸ்பெரோ, எவன் பிறந்ததால் அவளுக்குக் கல்யாணம் சாத்தியமானதோ அவன், இறந்தான். ஐந்து நாளில் அங்கே கார்லோஸ் பிறந்தான். முப்பத்தொன்பது வருடம் கழித்து, பிள்ளை இல்லாமல், கார்லோஸ் கண்மூடியதும் ஒரு நவம்பர் 1 அன்றுதான். நாவலாசிரியர் யாராவது இப்படி எழுதினால் நம்பும்படி எழுதக் கூடாதா என்று கேட்டிருப்பேன்.

அவள் அதுவரை இருக்கவில்லை. அரசவை வெர்சாய்க்குக் குடிபெயர்ந்த மறு வருடம், 1683 ஜூலை 30 அன்று, கையிடுக்கில் வந்த கட்டியோடு சில நாள் போராடி, 44 வயதில் இறந்தாள். வைத்தியர்கள் வழக்கம்போல ரத்தத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் முதல் தேதி பொஸ்யுவே ஆயர் சான்-தெனியில் பெரிய இரங்கல் உரை ஆற்றினார். அதிக நாள் ஆகவில்லை, மன்னன், மோந்தெஸ்பானின் பிள்ளைகளை வளர்த்த மதாம் த மேந்தெனோனை ரகசியமாக மணந்துகொண்டான்.

கார்லோஸின் உயிலில் ஸ்பெயின் முழுவதும் ஆன்ஜூ கோமகன் ஃபிலிப்புக்கு எழுதப்பட்டிருந்தது. மரியா தெரேசாவின் பேரன். அவள் இறந்து ஐந்து மாதம் ஆகும் முன்பு, 1683 டிசம்பரில் பிறந்தவன். எந்த உரிமை வேண்டாம் என்று அவளிடம் கையெழுத்து வாங்கினார்களோ அந்த உரிமை அவள் வழியாகவே அவனுக்குப் போனது. ஐரோப்பா அதற்காகப் பதின்மூன்று வருடம் போரிட்டது. இன்றைய ஸ்பெயின் மன்னர் ஆறாம் ஃபெலிப்பும் அந்த வழியில் வந்தவர்தான்.

1701 ஜனவரியில் அந்தப் பதினேழு வயதுப் பையன், பாட்டி வந்த பிதசோவா ஆற்றை எதிர்த்திசையில் கடந்து ஸ்பெயினுக்குள் நுழைந்தான். அவனுக்கு ஸ்பானிஷ் தெரியாது.